லைகாவும் புல்லட்டும்

கும்மிடிப்பூண்டியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் என் நண்பருக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகிறது. நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவேன். அவர் சாதாரண நாட்களில் என்னைத் தம்பி என்பார். என் கதை ஏதாவது பத்திரிகையில் வந்த வாரத்தில் மட்டும் சார் என்பார். சிப்காட் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர வருகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் படம் எடுத்தும், தையிலும் ஆவணியிலும் கல்யாணப் படம் எடுத்தும் இரண்டு பெண்களைக் கரையேற்றிவிட்டவர். அவருடைய பீரோவில், வேட்டிகளுக்கு அடியில், ஒரு லைகா காமிரா இருக்கிறது.

லைகா என்றதும் சினிமாக் கம்பெனியை நினைத்துக்கொள்ள வேண்டாம். 1957-ல் ருஷ்யாக்காரர்கள் வானத்துக்கு அனுப்பிய நாயையும் நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் வெட்ஸ்லார் என்ற ஊரில் மைக்ராஸ்கோப் செய்துகொண்டிருந்த லைட்ஸ் கம்பெனி 1925-ல் லைப்சிக் சந்தைக்குக் கொண்டுவந்த கையடக்கக் காமிரா அது. 'லைட்ஸ்', 'காமிரா' இரண்டின் தலைகளையும் சேர்த்து வைத்த பெயர். அதற்கு முன்பு காமிரா என்றால் முக்காலியும் கறுப்புத் துணியுமாக ஆளை நிற்கவைத்து எடுக்கிற சமாசாரம். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போகலாம் என்று காட்டியது லைகாதான். கார்த்தியே பிரெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரர் அந்தக் காமிராவோடுதான் உலகம் சுற்றினார். 1948-ல் காந்திஜியை, அவர் உயிர் போவதற்குச் சில மணி நேரம் முன்பு எடுத்தவர் அவர். 1950-ல் நம் திருவண்ணாமலைக்கு வந்து ரமண மகரிஷியின் கடைசி நாட்களை எடுத்தவரும் அவரே.

அண்ணனிடம் இருப்பது 1954-ல் வெளிவந்த எம்-3 என்ற வகை. தொழில் சொல்லிக் கொடுத்தவர் தம் கடைசிக் காலத்தில் கையில் வைத்து அழுத்தியது. போன மாதம் சென்னையிலிருந்து ஒருவர் அதைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார். பழைய காமிராக்களை வாங்கிச் சேர்க்கிறவராம். ஒன்றரை லட்சம் தருகிறேன் என்றாராம். அண்ணனுக்கு இரண்டு ராத்திரி தூக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்னை வரச் சொல்லி டெலிபோன் செய்தார்.

நான் போனபோது அவருடைய அக்கா மகனும் வந்திருந்தான். சிப்காட்டில் ஒரு டூல் ரூமில் மிஷினிஸ்ட். பையன் காமிராவைக் கையில் வாங்கினான். ஆனால் கண்ணில் வைத்துப் பார்க்கவில்லை. லென்ஸ் வளையத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாகத் திருப்பினான். இன்னொரு தடவை திருப்பினான்.

"ப்ளேயே இல்ல மாமா. இத்தனை வருஷம் கழிச்சும் மரை இப்படி நிக்குதுன்னா, எவனோ உசிரைக் கொடுத்துக் கடைஞ்சிருக்கான்."

"அப்ப விக்கலாமா, வேணாமாடா?"

"வித்துடுங்க மாமா. இதை வெச்சு என்ன பண்ணப் போறீங்க? அந்தக் காசுக்கு நல்ல மிரர்லெஸ் ஒண்ணு வாங்கினா கல்யாண ஆர்டராவது கையை விட்டுப் போகாது." சொல்லிவிட்டுத் தன் செல்போனை எடுத்துத் திருப்பிக் காட்டினான். பின்பக்கத்தில், காமிராக் கண்களுக்கு அருகே, 'லைகா' என்று பொறித்திருந்தது. "என்கிட்டயும் லைகா இருக்கு, பாருங்க!"

அண்ணன் சிரித்துவிட்டார். எனக்கு மட்டும் அந்தப் பெயர் அந்த இடத்தில் இருப்பது கொஞ்ச நேரம் உறுத்திக்கொண்டே இருந்தது. நகைக்கடைப் பரம்பரையில் வந்த ஒருவர் கவரிங் கடை விளம்பரத்தில் நின்று சிரிப்பதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

ஆனால் லைகாக்காரரின் கஷ்டத்தையும் பார்க்க வேண்டும். 2010-ல் உலகத்துக் காமிராக் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் காமிராக்களைத் தொழிற்சாலை வாசலைத் தாண்டி அனுப்பின. 2020-ல் அது 90 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. பத்தே வருஷத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு வாடிக்கைக்காரர்கள் எழுந்து போய்விட்ட கடையில் உட்கார்ந்துகொண்டு, பத்து மடங்கு விலைக்குச் சரக்கு விற்பது எப்படி? இதற்கு இரண்டு பதில்கள் பத்திரிகைகளில் வழக்கமாகக் கிடைக்கின்றன. ஒன்று, காலத்தோடு மாறு. மற்றொன்று, மாறாதே, பழமையே உன் முதல். இரண்டையும் நான் பலமுறை படித்துத் தலையாட்டியிருக்கிறேன். அன்று மாலை ரயிலில் திரும்பும்போதுதான் இரண்டும் வெறும் வாய்ப்பேச்சு என்று பட்டது.

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்கு வருகிற மின்சார ரயில் பொன்னேரி, மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர் என்று நின்று நின்று வந்து விம்கோ நகரில் நிற்கும். தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர் அது. இன்று ஸ்டேஷன் பலகையில்தான் வாசிக்க முடிகிறது. அடுத்தது திருவொற்றியூர். 2018 வரை திருவள்ளூர் மாவட்டக் கணக்கில் இருந்த ஊர். வடிவுடையம்மன் குடியிருக்கும் அந்த ஊரில்தான் புல்லட் மோட்டார் சைக்கிள் பிறந்தது. பிறந்தது என்பதைவிடத் தத்து வந்தது என்று சொல்வது சரி. பெற்ற ஊர் இங்கிலாந்தில் ரெடிச். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ்காரர்கள் ரெடிச் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தார்கள். நம் பட்டாளத்துக்கு எல்லையில் ஓட்ட வண்டி வேண்டியிருந்தது. முதலில் அங்கிருந்து பாகங்கள் வந்தன. பிறகு எல்லாவற்றையும் இங்கேயே வார்த்துக் கடைந்துகொண்டார்கள். ரெடிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. 1977-ல் இங்கிருந்து புல்லட்டைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கே விற்றோம். தத்துப்பிள்ளை பெற்றவளுக்குப் பணம் அனுப்பிய கதை.

அந்தப் பழைய புல்லட்டை ஓட்டியவர்களுக்குத் தெரியும். அதைக் கிளப்புவது ஒரு பூஜை. டீகம்ப்ரஷர் பிடியை அழுத்த வேண்டும். அம்மீட்டர் முள் நடுவுக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு முழு உடம்பையும் கிக்கர்மேல் ஏற்றி மிதிக்க வேண்டும். ஏமாந்தால் கணுக்காலுக்கு ஆபத்து. நிறுத்திய இடத்தில் எண்ணெய்ச் சொட்டு விழும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஊரில் உள்ள மற்ற வண்டிகளுக்கெல்லாம் நேர் விரோதம். இத்தனைக்கும் அந்த 'டப் டப்' சத்தத்துக்காக மனிதர்கள் அதைச் சகித்துக்கொண்டார்கள். சகித்துக்கொண்டவர்கள் போதவில்லை என்பதுதான் விஷயம். 1994-ல் ஐஷர் கம்பெனி அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 2000-ல், இதை மூடிவிடலாமா விற்றுவிடலாமா என்று யோசிக்கிற அளவுக்கு நிலைமை வந்துவிட்டது. முப்பது வயதுகூட ஆகாத சித்தார்த்த லால், இரண்டு வருஷம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவர் செய்ததைத்தான் நான் ஒரு நாவலைப் படிக்கிற மாதிரி படித்துப் பார்க்க விரும்புகிறேன். கியர் இடது காலுக்கு மாறியது. வார்ப்பிரும்பு எஞ்சின் போய் அலுமினிய எஞ்சின் வந்தது. தனித்தனியாக இருந்த எஞ்சினும் கியர் பெட்டியும் 2008-ஐ ஒட்டி ஒரே கூட்டுக்குள் போயின. பொத்தானை அழுத்தினால் கிளம்பியது. எண்ணெய் ஒழுகுவது நின்றது. பழைய ரசிகர்கள் ஒவ்வொன்றுக்கும் கூச்சல் போட்டார்கள். வலது கியர் போனால் புல்லட்டே போயிற்று என்றார்கள். எண்ணெய்ச் சொட்டுக்குக்கூட வக்காலத்து வாங்கியவர்களை நான் அறிவேன். ஆனால் பழைய 350 சி.சி. எஞ்சினுக்கு 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் ஓட்டமும் இருந்தன அல்லவா? புதிய கூட்டு எஞ்சினிலும் அதே 70, அதே 90. நீண்ட ஓட்டமும் கனமான சக்கரமும் சேர்ந்துதான் அந்த நிதானமான துடிப்பைக் கொடுக்கின்றன. அதை மட்டும் தொடவில்லை. பெட்ரோல் டாங்கின்மேல் தூரிகை பிடித்துக் கையால் தங்கக் கோடு இழுக்கிற வழக்கத்தையும் விடவில்லை. 2009-ல் கிளாசிக் என்ற வண்டி வந்தது. 2013-ல் ஒரகடத்தில் புதுத் தொழிற்சாலை, 2017-ல் வல்லம் வடகாலில் இன்னொன்று. 2024-25-ல் விற்பனை 10 லட்சத்தைத் தாண்டியது. எண்ணெய்ச் சொட்டு புல்லட்டின் ஆத்மா அல்ல, அது வெறும் வழக்கம் என்பதை ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆத்மா எது, வழக்கம் எது என்று பிரித்துச் சொல்ல ரசிகர்களால் முடியாது. அவர்களுக்கு இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும். என் முதல் நாவலைப்போலவே இன்னொன்று எழுதுங்கள் என்று எனக்குக் கடிதம் போடுகிறவர்களும் அப்படித்தான். அவர்களுக்குப் பிடித்தது அந்தக் கதாநாயகியா, அவள் பேசிய கொச்சையா என்று அவர்களுக்கே தெரியாது. எனக்கும் சரியாகத் தெரியாது என்பது வேறு விஷயம்.

மாறாமலே இருந்தவர்களின் கதியும் நம் கண் முன்னால் நடந்ததுதான். அம்பாஸடர் காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1950-களின் கடைசியில் வந்த உருவம் 2014-ல் உத்தர்பாராவில் உற்பத்தி நிற்கும் வரையில் ஏறக்குறைய அப்படியே இருந்தது. வாங்குகிறவனுக்கு வேறு கதி இல்லாத காலத்தில் கிடைத்த மரியாதையை, தன் அழகுக்குக் கிடைத்த மரியாதை என்று அந்தக் கம்பெனி எண்ணிவிட்டது. கதவைத் திறந்துவிட்டதும் டாக்ஸிக்காரர்களும் சர்க்காரும்தான் மிச்சம். இதில் என்னை அதிகம் வருத்தும் சங்கதி திருவள்ளூரில் நடந்தது. அதே இந்துஸ்தான் மோட்டார்ஸ், திருவள்ளூருக்குப் பக்கத்தில் நல்ல தொழிற்சாலை ஒன்றைக் கட்டி, ஜப்பானிய மிட்சுபிஷியின் லான்சர் காரை 1998-லிருந்து செய்தது. அழகான கார்தான். ஆனால் அது இரவல் நகை. தன் வீட்டுப் பெண்ணைப் பழம்புடவையோடு உத்தர்பாராவில் உட்காரவைத்துவிட்டு, திருவள்ளூரில் அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு அலங்காரம் செய்தார்கள். அங்கே செலவழித்த மூளையில் பாதியை அம்பாஸடருக்குச் செலவழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். கடைசியில் 2017-ல் அம்பாஸடர் என்ற பெயர் மட்டும் 80 கோடி ரூபாய்க்குப் பிரெஞ்சுக் கம்பெனியான பெஜோவின் கைக்குப் போயிற்று.

காமிரா உலகத்திலும் இந்த இரவல் நகை வியாபாரம் உண்டு. ஸ்வீடன் தேசத்து ஹாஸல்பிளாட் சாதாரணக் கம்பெனி அல்ல. சந்திரனில் இறங்கியவர்கள் கொண்டுபோன காமிரா அதனுடையது. 2012-ல் அவர்கள் ஸோனி கம்பெனியின் காமிரா ஒன்றை எடுத்து, அதற்கு மரப்பிடி மாட்டி, லூனார் என்று பெயர் வைத்து, பல மடங்கு விலை சொன்னார்கள். உலகமே கைகொட்டிச் சிரித்தது. ஜெர்மனியின் ரோலை கம்பெனி வேறு வழியில் போனது. கூலி குறைவு என்று 1970-களின் ஆரம்பத்தில் சிங்கப்பூரில் பெரிய தொழிற்சாலை வைத்து ஜப்பான்காரனோடு விலையில் மல்லுக்கு நின்றது. 1981-ல் திவால். இன்று அந்தப் பெயர் ஸ்டாண்டுகள்மேல் ஒட்டியிருக்கிறது. கோடக் பெயரில் நம் ஊரில் டெலிவிஷன் விற்கிறார்கள். நம் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற சர்க்கார் தொழிற்சாலை 'இந்து' பிலிம் செய்தது. பிலிம் போனதும் அதற்குக் கீழே பிடித்துக்கொள்ள வேறு தரை இல்லை. பெயரைக்கூட யாரும் வாங்கவில்லை.

லைகாவும் இந்தத் தப்புகளில் பலவற்றைச் செய்த கம்பெனிதான். யாரும் பிறந்தபோதே ஞானியாக வருவதில்லை. 1971-ல் எம்-5 என்று ஒன்று செய்தார்கள். வெளிச்சம் அளக்கிற கருவியை உள்ளேயே வைத்த கெட்டிக்காரக் காமிரா. ஆனால் உடம்பு பெருத்துவிட்டது. கையடக்கமாக இருந்த பொருள் கையை அடக்குகிற பொருளாகிவிட்டது. வாடிக்கைக்காரர்கள் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்கள். 1975-ல் எம் வரிசையையே மூடிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. கனடாவில் இருந்த லைட்ஸ் தொழிற்சாலைக்காரர்கள் பிடிவாதம் பிடித்துப் பழைய உருவத்திலேயே எம்4-2 என்று ஒன்றைச் செய்து அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். அடுத்த ஆண்டு, 1976-ல், தானாகவே குறி பார்க்கும் ஏற்பாட்டைக் கண்காட்சியில் காட்டியவர்களும் லைகாக்காரர்களே. காட்டியதோடு சரி. சந்தைக்குக் கொண்டுவந்து வாரிக் குவித்தது 1985-ல் மினோல்டா.

பிறகு டிஜிட்டல் காலம் வந்தது. பிலிம்தான் லைகாவின் ஆத்மா என்று கம்பெனியும் நம்பியது, ரசிகர்களும் நம்பினார்கள். 2005 பிப்ரவரியில் பாங்குகள் கடன் வசதியில் ஒரு பகுதியை நிறுத்தின. ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஆந்திரயாஸ் காஃப்மன் என்பவர், ஒரு காலத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர், குடும்பச் சொத்தைக் கொண்டுவந்து கம்பெனியை வாங்கினார். 2006-ல் எம்-8 என்ற முதல் டிஜிட்டல் எம் காமிரா வெளிவந்தது. அதிலும் கோளாறு: கறுப்புத் துணி ஊதாவாக விழுந்தது. வாங்கினவர்களுக்கெல்லாம் இலவசமாக இரண்டு பில்டர் கொடுத்து மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். ஆனாலும் பிழைத்தார்கள். ஏன்?

அண்ணனின் மருமான் திருப்பிப் பார்த்தானே, அந்த லென்ஸ் வளையத்தில் இருக்கிறது பதில். 1954-ல் கடைந்த லென்ஸை 2022-ல் வந்த எம்-11-ல் மாட்டலாம். திருகினால் உட்கார்ந்துகொள்ளும். உலகம் முழுவதும் பீரோக்களில், வேட்டிக்கும் கோட்டுக்கும் அடியில், அப்படிப்பட்ட லென்ஸுகள் எத்தனையோ கிடந்தன. அவற்றை வைத்திருந்தவர்களுக்கு ஒரு டிஜிட்டல் உடம்பு வேண்டியிருந்தது. அதைச் செய்ய வேறு ஆள் பெரும்பாலும் இல்லை. சிறிய உடம்பு, சத்தமில்லாத கை, தலைமுறை தாண்டுகிற கண்ணாடி. இவைதான் ஆத்மா, பிலிம் வழக்கம். லைகாவின் அடித்தகட்டைக் கழற்றிப் பிலிம் போடுகிற பழைய சடங்கை, பிலிமே இல்லாத டிஜிட்டல் காமிராக்களிலும் வைத்திருந்து, எம்-11-ல்தான் கைவிட்டார்கள். வலது கியரை விட்டது போல. அப்போதும் கூச்சல் இருந்தது. இந்த வேடிக்கையைப் பாருங்கள்: லைகாவைக் கூட்டாளியாக வைத்துத் தாங்கிய, தானாகக் குறி பார்ப்பதில் வென்ற மினோல்டா, கோனிகாவோடு சேர்ந்தும் நிற்க முடியாமல், அதே 2006-ல் காமிராத் தொழிலையே விட்டது.

இவ்வளவு தூரம் லைகாவைப் பாராட்டிவிட்டேன். இனி என் புகார். புல்லட்டும் லைகாவும் ஒரே வித்தையால் பிழைத்தன. யாருக்காகப் பிழைத்தன என்பதில்தான் பிரிகின்றன. அந்த மிஷினிஸ்ட் பையன் ஸ்டூடியோ வாசலில் நிறுத்தியிருந்தது கிளாசிக் 350. ஏறக்குறைய இரண்டு லட்சம் ரூபாய், தவணை கட்டுகிறான். தன் சம்பளத்துக்கு எட்டுகிற விலையில், கையால் கோடு இழுத்த ஒரு பொருள் அவனுக்குக் கிடைத்திருக்கிறது. புது லைகா எம் ஒன்றை அவனால் ஆயுளில் வாங்க முடியாது. உடம்பு மட்டும் பல லட்சம். கண் அதற்கு மேல் சில லட்சம். ஒரு காலத்தில் பத்திரிகைப் படக்காரர்களின் கைக்கருவியாக இருந்த பொருள் இது. சண்டைக்களத்திலும் பஞ்சத்திலும் அலைந்த பொருள். இன்று அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்கிறவர்களில் எத்தனை பேர் படத்தால் சாப்பிடுகிறவர்கள்? 2009-ல் பாரிஸின் ஏர்மெஸ் கடைத் தோலைப் போர்த்தி ஒரு பதிப்பு வெளியிட்டார்கள். 1929-லேயே தங்க முலாம் பூசிப் பல்லித்தோல் ஒட்டி விற்றவர்கள்தான் என்றாலும், அன்று அது நூற்றில் ஒன்று. இன்று விசேஷப் பதிப்புகளின் ஜாபிதாவைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. நூறு பிரதி, ஐம்பது பிரதி என்று எண்ணிட்டு அச்சடித்த புத்தகத்தைப் படிக்கிறவன் வாங்க மாட்டான், அலமாரி வாங்கும்.

"அப்படியானால் விலையைக் குறைத்துப் பத்து லட்சம் காமிரா விற்கட்டுமே" என்று நான் சொல்லத் துணியமாட்டேன். மோட்டார் சைக்கிளுக்கு நம் நாட்டில் ஜனங்கள் பெருகினார்கள். காமிராவுக்கு உலகம் முழுவதும் ஜனங்கள் குறைந்தார்கள். குறைகிற சந்தையில் மலிவு விற்றவன் கதி ரோலையின் கதி. ஆகவே சில பேருக்கு அதிக விலை என்ற வழியில் லைகா போனதை நான் குற்றம் சொல்லவில்லை. அந்தத் தோல் பதிப்புகளில் வரும் பணத்தில்தான் வெட்ஸ்லாரில் கண்ணாடி தேய்க்கிறவர்களுக்குச் சம்பளம் போகிறது என்றால், போகட்டும். செல்போனுக்குப் பெயர் கொடுத்ததையும் அந்தக் கணக்கிலேயே எழுதலாம். 2016-ல் ஹுவாவே, 2022-லிருந்து ஷாவ்மி. அந்தப் பெயரின் வாடகை காமிரா வீட்டுக்கு அரிசியாக வருகிறது. ஆனால் பெயர் ஒரு பாங்குக் கணக்கு. அண்ணனின் எம்-3 போட்டு வைத்ததைத்தான் இந்தப் பையனின் செல்போன் எடுக்கிறது. எடுப்பது நிச்சயமாகத் தெரிகிறது. போடுவது யார்? 2022-ல் பழைய எம்-6 பிலிம் காமிராவை மறுபடி செய்ய ஆரம்பித்தார்கள்; அதைப் போடுகிற பக்கத்தில் நான் வரவு வைக்கிறேன். அலங்காரமில்லாத ஓர் எம், கல்யாணம் எடுத்துப் பிழைக்கிறவன் நாலைந்து வருஷ வருமானத்தில் எட்டிப் பிடிக்கிற விலையில், லாபம் குறைந்தாலும் பரவாயில்லை என்று செய்து வைத்தால், அதையும் வரவு வைப்பேன். பழைய லென்ஸ்கள் கோடீசுவரர்கள் வீட்டுப் பீரோவில் மட்டும் இருந்தால், அடுத்த ஐம்பது வருஷத்துக்கு உடம்பு தேடி வருகிற ஆள் யார்?

இதையெல்லாம் அண்ணனிடம் போனவாரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "சென்னைக்காரர் திரும்ப போன் பண்ணாரு தம்பி," என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"உள்ள ஒரு ரோல் போட்டிருக்கேன், அது முடியட்டும்னேன்."

முதல் படம் மருமான் புல்லட்மேல் உட்கார்ந்திருப்பது. இன்னும் முப்பத்தொரு படம் பாக்கி இருக்கிறதாம்.